கட்டடத்தின் நிலை: நன்று

குன்னம்
21.10.2024

அன்புள்ள சிந்து,

இதைப் பதிவுத் தபாலில் உன் கல்வி ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் என் தம்பி, உன் புருஷனாச்சே, கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்துவிடுவான். ஒரு வாரமாக நீ போனை எடுக்கவில்லை. நேற்றிலிருந்து மணியே அடிப்பதில்லை. என் எண்ணை நீ தடுத்துவிட்டாய் என்று பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துச் சொன்னாள். நேரில் வந்துவிடுவேன். ஆனால் பணியிடை நீக்க உத்தரவில், அனுமதியில்லாமல் குன்னத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். பெரம்பலூர் பஸ் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. நான் ஏறக் கூடாது.

நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். 14ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொன்றே கால். மூன்று நாள் மழைக்குப் பிறகு ஈச்சங்குட்டைப் பள்ளியின் பழைய ஹாலில் மேல்தளத்துக் காரை கதவளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. முப்பத்துநான்கு பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். செல்லமுத்துவின் மகள் பூங்குழலி, நாலாம் வகுப்பு, சரியாக அதற்கு அடியில் இருந்தாள். இப்போது திருச்சியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தலையில் அடி.

மறுநாள் வந்த அதிகாரி பள்ளித் தகவல் தளத்தைத் திறந்து பார்த்தார். கட்டடத்தின் நிலை என்ற கட்டத்தில் 'நன்று' என்று இருக்கிறது. பதிவு செய்தவர் தலைமையாசிரியர் ஜெயசித்ரா. அதாவது நான். இடிகிற கட்டடத்தை நன்று என்று எழுதி, பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் நான்.

ஜூன் மாதம் படிவத்தில் 'உடனடிப் பழுது' என்று எழுதி, போட்டோவும் ஒட்டி, உன் கையில் கொடுத்தேன். எனக்கு அந்தத் தளத்தில் நுழையத் தெரியாது. கடவுச்சொல்லை உண்டாக்கியதே நீ. நாலு வருடமாக என் பள்ளிக்கு நீதான் பதிந்து தருகிறாய். "குடுங்க அண்ணி, அஞ்சு நிமிஷ வேல" என்று வாங்கிக்கொள்வாய். நான் உரிமையோடு கொடுத்தேன்.

ஒரு வார்த்தையை நீ மாற்றியிருக்கிறாய். ஏன் என்று கேட்கவில்லை. மாறிவிட்டது என்று விசாரணை அதிகாரியிடம் சொல். தவறுதலாக என்று சொன்னாலும் போதும்.

ஜெயசித்ரா


பெரம்பலூர்
25.10.2024

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் குறிப்பிட்டுள்ள ஜூன் மாதப் படிவம் எங்கள் ஆபீசில் இல்லை. எல்லாக் கோப்பிலும் தேடிவிட்டேன்.

கடவுச்சொல்லை யாரிடமும் பகிரக் கூடாது என்று மூன்று பயிற்சியிலும் சொல்லியிருக்கிறோம். வருகைத் தாளில் தாங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். தளத்தில் தலைமையாசிரியர் பெயரில் பதிவாகும் எதற்கும் தலைமையாசிரியரே பொறுப்பு. இதற்கு மேல் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

விசாரணை முடியும்வரை நாம் தொடர்புகொள்ள வேண்டாம் என்று அமிர்தலிங்கம் சார் சொல்கிறார். எங்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவர் என்பது தங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும்.

சிந்து

(டைப் அடித்து முடித்துவிட்டேன். இதைக் கையால் எழுதுகிறேன். பூங்குழலிக்கு இப்போது எப்படி இருக்கிறது? இங்கே யாரைக் கேட்டாலும் 'சிகிச்சையில் உள்ளார்' என்கிறார்கள்.)


குன்னம்
29.10.2024

சிந்து,

மதிப்பிற்குரிய என்று எழுதியிருக்கிறாய். 'தங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அமிர்தலிங்கம் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அடித்தாயா?

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பூங்குழலி கண்ணைத் திறக்கிறாள். அம்மா பூங்காவனம் முகத்துக்கு நேரே குனிந்து கூப்பிட்டால், அவளைத் தாண்டி எதையோ பார்க்கிறாள். செல்லமுத்து மக்காச்சோளத்தை அறுக்க ஆள் விடாமல் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருக்கிறான். இதெல்லாம் எனக்குப் போனில்தான் தெரியும். திருச்சிக்குப் போய்ப் பார்க்க அனுமதி கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

உன்னிடம் நயமாகக் கேட்டாகிவிட்டது. இப்போது வேறு மாதிரி சொல்கிறேன். ஆண்டிமடத்தில் உன் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது என் சொந்தக்காரர்கள் எல்லாரும் வேண்டாம் என்றார்கள். முந்திரிக் கொட்டை உடைத்துக் கறையேறிய கைகளோடு உன் அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். "இந்த வூடா?" என்று என் காதுக்கருகில் கேட்டவர்கள் உண்டு. நான்தான் 'பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிருக்கு, பொழைச்சுக்கும்' என்றேன். அந்த ஆபீசில் உனக்கு வேலை வாங்கித் தந்ததும் நான்தான். பத்துப் பேரைப் பார்த்து, பத்துப் பேரிடம் பல்லிளித்து.

பிழைத்துக்கொண்டாய். என்னை வைத்து.

தம்பி நேற்று வந்தான். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. நான் கல்யாணம் வேண்டாமென்று வளர்த்த பிள்ளை. வாசலில் நின்றபடியே, "அக்கா, நீ எதயாவது மறந்து டிக் அடிச்சிருப்ப, யோசிச்சுப் பாரு" என்றான். அவனுக்கும் நீ ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

நாளை மறுநாள் தீபாவளி. நீயும் அவனும் எண்ணெய் வைத்துக் குளியுங்கள். நன்றாக இருங்கள்.

ஜெயசித்ரா


பெரம்பலூர்
4.11.2024

அண்ணி,

இதை ஆபீசில் எழுதவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

அம்மாவின் கையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆறு வருடத்தில் அதை ஒரு முறைகூடச் சொல்லாமல் இருந்தீர்கள். இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தீர்கள் என்று இப்போது தெரிகிறது.

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு ஆபீசில் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று மட்டும் சொல்கிறேன். எந்த ஆபீஸ் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

ஒரு ஒன்றியத்தில் அறுபத்துமூன்று பள்ளிகள் 'உடனடிப் பழுது' என்று எழுதிக் கொடுக்கின்றன. அப்படியே பதிந்தால் மாநிலப் பட்டியலில் அந்த ஒன்றியம் கடைசி. போன வருடம் 'சிறப்பு' என்று பாராட்டு வாங்கிய ஒன்றியம் அது. ஒரு வருடத்தில் எப்படி அறுபத்துமூன்று கட்டடம் கெட்டுப்போகும் என்று மேலே கேட்பார்கள். போன வருடமும் மாற்றியதை யார் சொல்வது? அதனால் ஒருவர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். "பத்துக்குள்ள கொண்டாந்துரும்மா" என்பார். எந்தப் பத்து என்று சொல்ல மாட்டார். எழுத்தில் தர மாட்டார். டீ குடிக்கப் போய்விடுவார்.

பழுதுபார்க்கிற திட்டம் அந்தப் பத்துக்குத்தான் போகும். மற்ற ஐம்பத்துமூன்றும் அந்த நிமிடத்திலிருந்து நல்ல கட்டடம்.

உங்களுக்கு விசாரணை என்று ஒன்று இருக்கிறது. அதிகாரி எதிரில் உட்கார வைத்துக் கேட்பார்கள், நீங்கள் சொல்வதை எழுதுவார்கள், வீட்டிலிருந்தபடியே பாதிச் சம்பளம் வரும். நாங்கள் ஒப்பந்த ஆட்கள். எங்களுக்கு ஒரு போன்தான். 'நாளைலேருந்து வரவேணாம்மா.' அவ்வளவுதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணி. அதைத் தவிர வேறெதுவும் எழுத முடியவில்லை.

சிந்து


குன்னம்
14.11.2024

சிந்து,

பூங்குழலி 5ஆம் தேதி சாயங்காலம் போய்விட்டாள். உன் கடிதம் எனக்கு வந்து சேர்ந்த அன்றைக்கு அவளை ஈச்சங்குட்டைக்குக் கொண்டுவந்தார்கள். ஈச்சங்குட்டை குன்னத்துக்குள் இல்லை. நான் போகவில்லை.

இது எனக்காக எழுதுகிற கடிதமில்லை. உன் பட்டியல் கதையைப் பற்றியும் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

மூன்று வாரம் மூடிக்கிடந்த பள்ளியைப் போன வாரம் சமுதாயக் கூடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பொறுப்பு ஆசிரியர் பழனிவேல் தினம் காலையில் வருகைப் பதிவு போடுகிறார். பூங்குழலி பெயர் இன்னும் தளத்தில் இருக்கிறது. அவளை 'வரவில்லை' என்றுதான் போட முடிகிறது. போட்டதும் பதினொரு மணிக்கு அது தானாகவே செல்லமுத்துவின் போனுக்குச் செய்தி அனுப்புகிறது. 'உங்கள் குழந்தை பூங்குழலி இன்று பள்ளிக்கு வரவில்லை. தொடர்ந்து வராமலிருந்தால் அவரது எதிர்காலம் பாதிக்கப்படும்.'

செல்லமுத்துவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. முதல் நாள் யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாளும் வந்தது. அவன் சைக்கிளில் ஒன்பது மைல் மிதித்துக் குன்னத்துக்கு வந்தான். போனை என்னிடம் நீட்டினான்.

"டீச்சர், இது இன்னைக்கி வேற ஏதாச்சும் போட்டுருக்கா?"

அதேதான் என்றேன்.

"புள்ள செத்தது அவுங்களுக்குத் தெரியலீங்களா? நான் எங்க போயி சொல்லணும், சொல்லுங்க, சொல்லிட்டு வரேன்."

தினமும் வருகிறான். தினமும் நான் படித்துச் சொல்கிறேன். பழனிவேலைக் கேட்டால், "விசாரணை முடியுற வரைக்கும் பெயர் நீக்கத்தப் பூட்டி வச்சிருக்காங்க மேடம், என் லாகின்ல வழியில்ல" என்கிறார். உன் ஆபீசுக்கும் எழுதிப் போட்டிருக்கிறார். பதில் வரவில்லை.

என் பெயரில் இருக்கிற வழி இன்னும் திறந்திருக்கிறது என்று தெரிந்தது. என்னிடம் இருந்த டேப்லெட்டை வாங்கிக்கொண்டார்கள். இருந்தாலும் எனக்கு நுழையத் தெரியாது. உனக்குத் தெரியும். கடவுச்சொல்லும் தெரியும்.

20ஆம் தேதி புதன்கிழமை பூங்குழலிக்குப் பதினாறாம் நாள் காரியம். ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது பதினொரு மணிக்கு அந்தப் போன் ஒலிக்கக் கூடாது. அன்று காலை பத்து மணிக்கு மேல் ஆபீசில் கூட்டமிருக்காது. அவள் பெயரை எடுத்துவிடு. ஐந்து நிமிட வேலை.

இன்று குழந்தைகள் தினம். பழனிவேல் மிட்டாய் கொடுத்தாராம்.

ஜெயசித்ரா


பெரம்பலூர்
18.11.2024

அண்ணி,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். அந்தச் செய்தியின் வாசகம் எங்கள் ஆபீசில்தான் தயாரானது. 'எதிர்காலம் பாதிக்கப்படும்' என்ற வரியைச் சேர்த்தது நான். நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

பூட்டியிருக்கிற பள்ளியின் பதிவைத் தொடக் கூடாது என்று எழுத்து மூலமாகவே உத்தரவு வந்திருக்கிறது. தொட்டால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியும்.

புதன்கிழமை எடுத்துவிடுகிறேன். செல்லமுத்து அண்ணனிடம் இனிமேல் வராது என்று சொல்லிவிடுங்கள்.

சிந்து


ஆண்டிமடம்
3.12.2024

அண்ணி,

முகவரியைப் பார்த்திருப்பீர்கள். அம்மா வீட்டில் இருக்கிறேன். இதைக் கிழிக்கச் சொல்லி எழுதப் போவதில்லை. யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

புதன்கிழமை பத்தே காலுக்கு அமிர்தலிங்கம் சார் டீ குடிக்கப் போனார். பத்து இருபதுக்கு உங்கள் பெயரில் உள்ளே போனேன். பூங்குழலி பெயரைத் தொட்டேன். நீக்கக் காரணம் என்று ஒரு பட்டியல் விரிந்தது. இடமாற்றம், குடிபெயர்வு, திருமணம், இறப்பு. கடைசியைத் தொட்டேன். 'உறுதியா?' என்று கேட்டது. ஆம் என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு விசாரணை அதிகாரியிடமிருந்து ஆள் வந்துவிட்டது.

எந்தக் கணினியிலிருந்து நுழைகிறார்கள் என்று பதிவு செய்கிற முறை இந்த மாதம்தான் வந்ததாம். ஜூனில் இல்லை. அதனால்தான் ஜூன் மாற்றத்தை யார் செய்தது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் கடவுச்சொல் வேறு ஒருவரிடம் இருக்கிறது என்று நிரூபித்தால் போதும் என்று அதிகாரி உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதற்காகவே உங்கள் வழியை மூடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். நான் பூங்குழலியின் பெயரை எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பத்து இருபதுக்கு நீங்கள் அதிகாரியின் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தீர்களாம். அவர்கள் கணினித் திரையைத் திருப்பி உங்களுக்குக் காட்டினார்களாம்.

செத்த பிள்ளையின் பெயரைத் தூண்டிலில் கோர்த்தீர்கள் அண்ணி. நான் வந்து கடித்தேன்.

சரி. இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன். மாற்றியது நான்தான். ஐம்பத்துமூன்று பள்ளிகளை மாற்றினேன். ஈச்சங்குட்டை அதில் நாற்பத்தோராவது. அன்று அதை மாற்றாமல் பத்துக்குள் வைத்திருக்கலாம். ஆனால் மற்ற தலைமையாசிரியர்கள் போனில் கத்துவார்கள், சங்கத்தில் சொல்லுவார்கள். உங்கள் பள்ளி என்றால், அண்ணிதானே, கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அடுத்த வருடம் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். சொந்தம் என்பதால்தான் உங்கள் கூரையை விட்டேன்.

சாயங்காலமே எனக்குப் போன் வந்துவிட்டது. அமிர்தலிங்கம் சார்தான் பேசினார். "நீ தன்னிச்சையா செஞ்சுட்டன்னு எழுதிக் குடுத்துட்டேன்மா. எனக்குப் பொண்ணு கல்யாணம் இருக்கு, புரிஞ்சுக்க." உங்கள் தம்பி என் துணிகளை எடுத்து வைத்து, காரில் இங்கே கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "எங்க அக்காவ ஒரு மாசம் பைத்தியமா அலைய வுட்டியே" என்றார். அது நியாயம்தான்.

அன்று செல்லமுத்து அண்ணனின் போன் ஒலித்ததா? அதை மட்டும் சொல்லுங்கள்.

சிந்து


குன்னம்
12.12.2024

சிந்து,

ஒலிக்கவில்லை.

காபி அல்ல, தண்ணீர். எழுதுவதைச் சரியாக எழுது.

நான் உன்னிடம் பொய் ஒன்றும் சொல்லவில்லை. செய்தி தினமும் வந்தது உண்மை. செல்லமுத்து தினமும் வந்தது உண்மை. நீ பெயரை எடுத்தால் நின்றுவிடும் என்று சொன்னேன், நின்றுவிட்டது. எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கிறாயா? இரண்டு கடிதம் எழுதினேன். நேராகக் கேட்டேன், திட்டியும் கேட்டேன். நீ பயிற்சி வருகைத் தாளை எடுத்து நீட்டினாய். ஒரு பிள்ளை சாகக் கிடந்தபோது உனக்கு உன் நாற்காலிதான் தெரிந்தது. பிறகு நான் என்ன செய்ய வேண்டும்?

நாற்பத்தோராவது என்று எழுதியிருக்கிறாய். எண்ணி வைத்திருக்கிறாய். அந்தப் பக்கத்தை விசாரணை அதிகாரியிடம் சேர்த்துவிட்டேன். காட்டலாம் என்று நீதான் எழுதியிருந்தாய்.

என் மேல் இருந்த குற்றச்சாட்டைக் கைவிட்டுவிட்டார்கள். கடவுச்சொல்லை உன்னிடம் கொடுத்ததற்காக ஒரு வருட ஊதிய உயர்வு மட்டும் நிறுத்தம். அரும்பாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜனவரியில் சேர வேண்டும். அமிர்தலிங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் எதையும் எழுத்தில் தரவில்லை.

தம்பியிடம் நான் ஏதாவது எடுத்துச் சொல்வேன் என்று நம்பி உன் அம்மா இரண்டு முறை போன் செய்தார். நான் அவனிடம் உன்னைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அவன் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடுகிறான். உடம்பு தேறியிருக்கிறான்.

ஜெயசித்ரா


ஆண்டிமடம்
6.1.2025

அண்ணி,

நான் இப்போது தினமும் அம்மாவுடன் முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிறேன். சுட்ட கொட்டையின் எண்ணெய் தோலை உரிக்கிறது. நீங்கள் பார்த்த கறை இப்போது எனக்கும் வந்துவிட்டது. புலம்பலாக எழுதவில்லை. கை இப்படி இருப்பதால் கையெழுத்து கோணலாக இருக்கும், அதற்காகச் சொன்னேன்.

அக்டோபரில், அந்த ஜூன் மாதப் படிவம் ஆபீசில் இல்லை என்று எழுதினேன். அது உண்மை. காரை விழுந்த அன்றே நான் அதை எடுத்து வீட்டு பீரோவில் வைத்துவிட்டேன். உங்கள் தம்பி கொண்டுவந்து போட்ட துணிமூட்டைக்குள் அதுவும் வந்திருந்தது. நேற்றுத்தான் பிரித்தேன்.

படிவத்தில் நீங்கள் ஒட்டியிருந்த போட்டோவை முதல் முறையாக நிதானமாகப் பார்த்தேன். விரிசல் நன்றாகத் தெரிகிறது. கம்பி இரண்டு வெளியே தெரிகிறது. அதற்கு நேர் கீழே உங்கள் மேசை. மேசை மேல் வருகைப் பதிவேடு, சாக்பீஸ் டப்பா, உங்கள் கண்ணாடிக் கூடு. கீழே உங்கள் கையெழுத்தில் எழுதியிருக்கிறீர்கள்: 'தலைமையாசிரியர் இருக்கைக்கு மேலே காரை உதிர்கிறது. உயிருக்கு ஆபத்து.'

கதவளவு காரை அந்த இடத்திலிருந்துதான் விழுந்தது. பேப்பரில் போட்டிருந்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே இரண்டு கம்பி.

மேசை எப்போது நகர்ந்தது அண்ணி?

சிந்து


அரும்பாவூர்
9.2.2025

சிந்து,

ஒரு மாதமாக உன் கடிதத்தை வைத்துக்கொண்டிருந்தேன். படிவத்தை நீ யாருக்காவது அனுப்புவாய் என்று தினமும் எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. அது எனக்குப் புரியவில்லை.

அக்டோபர் 11ஆம் தேதி ஆயுத பூஜை விடுமுறை. அதற்கு முந்தைய வேலை நாளில் நகர்ந்தது. மழை பிடித்திருந்தது. காலையிலிருந்து பதிவேட்டின் மேல் மண்ணாகக் கொட்டியது. ஒரு துண்டு என் தோளில் விழுந்தது. ஜன்னல் பக்கம் மேசையை மாற்றச் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள். பூங்குழலி சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, "இங்க வக்கட்டுங்களா டீச்சர்?" என்று கேட்டு வைத்தாள்.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை அந்த இடம் காலியாக இருந்தது. மற்ற பக்கமெல்லாம் ஒழுகியது. அந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது. நாலாம் வகுப்பு அங்கே உட்கார்ந்தது.

புது அறை ஒன்று இருந்தது. அதில் கம்ப்யூட்டர் பாடத்துக்கான பெரிய திரையை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கீறல் விழுந்தால் தலைமையாசிரியர் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பூட்டித்தான் வைத்திருந்தேன். அதை ஊரே அறியும். விசாரணையிலும் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். மேசையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. விழுந்த பகுதி எத்தனை சதுர அடி, அறைகள் எத்தனை, ஆசிரியர்கள் எத்தனை பேர், பதிந்தது யார், எந்தத் தேதி என்றெல்லாம் கேட்டார்கள். முப்பத்துமூன்று பிள்ளைகள் மிச்சம் இருந்தார்கள். அவர்களில் ஒரு பிள்ளையைக்கூட யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும்.

நீ சரியாகப் பதிந்திருந்தாலும் அக்டோபருக்குள் யாரும் வந்து கூரையைச் சரிசெய்திருக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். ஜூனிலிருந்து தெரியும். நீ மாற்றிய வார்த்தைதான் பிள்ளையைக் கொன்றது என்று மற்றவர்களை நம்பவைத்தேன். நானும் நம்பிக்கொண்டேன்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லை. இங்கே புதுப் பள்ளியில் என்னை எல்லாரும் பாவம் என்று பார்க்கிறார்கள். அதைத் தாங்க முடியவில்லை. உலகத்தில் என்னை முழுசாக வெறுக்கிற ஒருத்தி நீதான்.

தம்பியிடம் உன்னைப் போய்க் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். என் பேச்சைத் தட்ட மாட்டான். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு. உன்னிடம் இதைக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஜெயசித்ரா


ஆண்டிமடம்
21.2.2025

அண்ணி,

உங்கள் தம்பி வந்தார். அக்கா சொன்னதால் வந்தேன் என்றார். அம்மா சோறு போட்டார், சாப்பிட்டார். போய்வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. விசாரணை அதிகாரிக்கும் அனுப்பவில்லை. அனுப்பினால் ஒரு கோப்பில் சேர்ப்பார்கள், எண் போடுவார்கள். நாலு வருடம் நான் அந்த வேலையைத்தான் பார்த்தேன்.

நேற்று பஸ் ஏறி ஈச்சங்குட்டைக்குப் போனேன். ஐம்பத்துமூன்று பள்ளியைத் தொட்டவள், ஒரு பள்ளி இருக்கிற ஊரையும் பார்த்ததில்லை. பழைய ஹாலை இடித்து மண்ணை அள்ளிவிட்டார்கள். செல்லமுத்து அண்ணன் வெங்காயக் காட்டில் இருந்தார். பூங்காவனம் அக்கா போய்க் கூட்டி வந்தார். நான் யாரென்று முதலில் சொன்னேன். கட்டடம் நல்லாயிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் எழுதியவள் நான்தான் என்றேன். அந்தப் போன் செய்தியில் கடைசி வரி நான் எழுதியது என்றேன். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "உக்காரு" என்றார்.

உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். அதனால் ஒரு வார்த்தை விடாமல், நிறுத்தி நிறுத்திப் படித்தேன். சாக்பீஸ் டப்பா வந்த இடத்தில் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். முடிந்ததும் அண்ணன், "இன்னொருவாட்டி படி" என்றார். படித்தேன்.

இரண்டாவது முறை முடிந்த பிறகு அக்காதான் பேசினார்.

"புள்ளைய அங்க உக்காருன்னு டீச்சர் சொன்னாங்களா? இல்ல, அதுவா போயி உக்காந்துச்சா?"

கடிதத்தில் தேடினேன். 'நாலாம் வகுப்பு அங்கே உட்கார்ந்தது' என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். யார் உட்காரச் சொன்னது என்று எழுதவில்லை. "அதுல இல்லீங்கக்கா" என்றேன்.

"அது சொன்னாத்தான் செய்யும்" என்றார் அக்கா. "சொல்லாம எங்கயும் போயி உக்காராது."

அண்ணன் எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினார். அரும்பாவூருக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார். பெரம்பலூரில் இறங்கி மாற வேண்டும், அங்கிருந்து காலையில் எட்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது, அதில் ஏறினால் பள்ளி தொடங்கும் நேரத்துக்குப் போய்விடலாம் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் வருகிறார்கள்.

சிந்து